கரி மையும் என் வீடியோவும்

மார்ச் 3, செவ்வாய்

நான் எடுத்த டயர்க் கடைப் படத்தை இன்று மறுபடியும் பிரிண்ட் போட்டேன். பிரிண்டரோடு வந்த கம்பெனி மை. கூடத்து டியூப்லைட்டில் பார்த்தால் பச்சை. மாடிப்படி ஜன்னலுக்குக் கொண்டுபோனால் ரோஸ். இதைக் கருப்பு வெள்ளைப் படம் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. கம்பெனி மையில் சாம்பல் என்று தனியாக ஒன்று இல்லை. மூன்று நிறத்தையும் கலந்து சாம்பல் மாதிரி வேஷம் போடுகிறது. வெளிச்சம் மாறினால் வேஷம் கலைந்துவிடுகிறது.

அண்ணி இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரே டயரு, ரெண்டு கட்சியில இருக்கு" என்றார்.

சிரிக்கிற நேரமில்லை. எங்கள் ஆன்லைன் புகைப்படக் குழுவின் முதல் கண்காட்சி ஏப்ரல் நாலு, நூலக மாடியில். பத்துப் பேர், பத்துப் படம். பத்தையும் பிரிண்ட் போடப்போவது நான். அட்மின் (நிஜத்தில் அவர் பல் டாக்டர்) எல்லார் முன்னாலும் எழுதிவிட்டார்: "பிரிண்டை நம்ம பொண்ணு பாத்துக்கும்." எனக்கு வயது இருபத்திரண்டு, பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, கற்றதெல்லாம் வீடியோ பார்த்துத்தான். என்னை நம்பி பத்துப் படம். மூன்று தடவை படித்தேன் அந்த வரியை. நாலு.

மார்ச் 5, வியாழன்

பிரிண்டரில் மாட்டுகிற மை டப்பாக்களில் வேறு ஒரு செட் வாங்கி, கடைச் சாய மையை ஊற்றிப் பார்த்தேன். கருப்பு கிணறு மாதிரி இறங்குகிறது. ஆனால் சாயம் சாயம்தானே, வெயில் படுகிற சுவரில் வெளுத்துவிடும் என்கிறார்கள்.

மிச்சம் இருப்பது கரி மை. நிஜக் கரித்தூள். ஒரே கருப்பை ஆறு அளவில் நீர்க்க வைத்து ஆறு டப்பாவிலும் ஊற்றுவது. நிறமே உள்ளே கிடையாது, அப்புறம் எங்கிருந்து பச்சை வரும்? கொஞ்சம் பழுப்படிக்குமாம். அடிக்கட்டும்.

அதை வீட்டிலேயே கலந்து விற்கிற ஒருவரைக் குழுவில் கரிக்காரர் என்பார்கள். அச்சக வேலையை விட்டபிறகு அவருக்கு இதுதான் பிழைப்பு. ஆர்டர் போட்டாச்சு. பேப்பர் தீர்ந்துவிட்டது, அதே கம்பெனியின் பளபளப்பில்லாத மேட் பேப்பரில் இன்னொரு கட்டும் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஆறு பாட்டில் வந்தது. கோணலாக ஒட்டின லேபிள், கையால் எழுதின நம்பர். ஊற்றினேன், கோடு சோதனை போட்டேன், ஒரு துளைகூட அடைப்பில்லை. புதுப் பேப்பர் கட்டைப் பிரித்து, தூசி தட்டி, அடுக்கி, டயர்ப் படம்.

சாம்பல். எல்லாமே சாம்பல். டயர் அடுக்கில் அடி டயரின் பள்ளங்களைக் காணோம், விளிம்பெல்லாம் ஊறிப்போய் பஞ்சு மாதிரி. காய்ந்தால் சரியாகுமோ?

மார்ச் 11, புதன்

ஆகவில்லை.

மார்ச் 12, வியாழன்

கரிக்காரருக்குப் படம் அனுப்பினேன். அரை மணியில் குரல் பதிவு வந்தது. "பாட்டிலை நல்லா குலுக்கினீங்களாம்மா? பேப்பர்ல எந்தப் பக்கம் போட்டீங்க?"

எந்தப் பக்கமா? நான் என்ன நேத்துதான் பிரிண்டரையே பாத்தவளா? இதே பேப்பர்லதானே சாய மை அவ்ளோ கருப்பா விழுந்துது? மை சரியில்லன்னு ஒத்துக்க மனசு வரல, அதான் என் தலையில கட்டறாரு.

எட்டு மணிக்கு வீடியோ போட்டேன். இரண்டு பிரிண்டும் பக்கத்தில் பக்கத்தில். "அதே படம், அதே பேப்பர், மை மட்டும் வேற. கரி மையை நம்பிடாதீங்க." கடைசியில் அவருடைய குரலையும் ஒட்டினேன், மேலே ஒரு சிரிக்கிற முகத்தோடு.

மார்ச் 13, வெள்ளி

நானூற்றிப் பத்துப் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். "எந்தப் பக்கம்மா?" என்று யாரோ ஸ்டிக்கரே செய்துவிட்டார்கள். பல் டாக்டர், "துணிச்சலான பொண்ணு" என்று எழுதினார். கண்காட்சிக்குச் சாய மை என்று முடிவு.

கடையில் நாள் முழுக்க போனையே பார்த்ததில் ஒருவருக்கு இடது லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். வாசல்வரை போய், நிலைப்படியில் தடுக்கி, திரும்பி வந்தார்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. இருந்தாலும்.

அண்ணி சமையலறை டப்பாக்களுக்குப் பெயர் எழுத என் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி வெட்டிக்கொண்டிருந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, அதனால் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் லேபிள். பாதியில் கூப்பிட்டார். "இங்க வா. இந்தப் பக்கம் எழுதினா பேனா ஊறுது, திருப்பி எழுதினா ஊறல. உன் பேப்பருக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கா?"

விரலை நக்கி ஒரு மூலையில் வைத்தேன், ஒட்டியது. திருப்பி வைத்தேன், ஒட்டவில்லை. ஒட்டுகிற பக்கத்தில்தான் மை பிடிக்கிற பூச்சு. டயர்ப் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஒட்டாத பக்கத்தில் இருந்தது.

தூசி தட்டும்போது கட்டையே திருப்பி அடுக்கியிருக்கிறேன். பழைய கட்டைச் சரியாக வைத்தது திறமை இல்லை, குருட்டாம்போக்கு.

தாளைத் திருப்பிப் போட்டேன். கருப்பு அப்படி இறங்கியது. அடி டயரின் பள்ளத்தில் கிடக்கிற சின்ன நட்டுகூடத் தெரிகிறது. நான் எடுத்த படம், அதில் நட்டு இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"நல்லா வந்திருக்கே, எதுக்கு அழுவற?" என்றார் அண்ணி. வீடியோவைக் காட்டினேன். கடைசிவரை பார்த்தார், அந்தச் சிரிக்கிற முகம் வரை. போனைத் திருப்பித் தந்தார். "மனுஷன் சரியாதானடி கேட்டிருக்காரு." அதோடு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 16, திங்கள்

வீடியோவை அழித்துவிட்டுச் சும்மா இருந்தால் என்ன? யாருக்கும் தெரியாது. பத்துப் படமும் என்னிடமே இருக்கும். அழித்தால் கரிக்காரர் பெயர் சரியாகிவிடுமா? ஸ்டிக்கர் அழியுமா?

மத்தியானம் கடைப் பின்கட்டில் நின்று அவருக்குப் போன் போட்டேன்.

"சார், நான்தான் அந்த வீடியோ..."

"தெரியுது. சொல்லுங்க."

சொன்னேன், கோர்வையில்லாமல்.

"இந்த வாரம் ரெண்டு ஆர்டரும்மா. அதுல ஒண்ணு என் மச்சான், பாவப்பட்டு போட்டது."

"மன்னிச்சிடுங்க சார்."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

வைத்துவிட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

சொன்னேன். முகத்தைக் காட்டி, விரலை நக்கி ஒட்டிக் காட்டி, "தப்பு மையில இல்ல, என் கையில" என்று. பழையதை எடுத்துவிட்டேன். அதற்கு நானூற்றிப் பத்து. இதற்கு முப்பத்தொன்று.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பல் டாக்டர் தனியாகக் கூப்பிட்டார். "நீ ஒத்துக்கிட்டது பெரிய விஷயம்மா. ஆனா படம் குடுத்தவங்க தயங்கறாங்க. பிரிண்ட்டை கிளினிக்ல நானே போட்டுக்கறேன்."

"சரி டாக்டர்."

"எந்த மைல போடறது? அதையாவது சொல்லு."

அதையாவது. நாக்கு நுனிவரை பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்று மை, ஒரே கட்டு, ஒரே படம். ஒவ்வொரு தாளின் முதுகிலும் பென்சில் குறி. ஒரு நாள் காயவிட்டேன். எது எந்த மை என்று சொல்லாமல் அண்ணியிடம் நீட்டினேன், டியூப்லைட்டில், ஜன்னலில், மஞ்சள் பல்பில்.

சாய மைதான் அதிகக் கருப்பு, அதை மறைக்க முடியாது. கரி ஒரு மாற்றுக் குறைவு, பழுப்பும் உண்டு. ஆனால் மூன்று வெளிச்சத்திலும் ஒரே முகம். அண்ணி அதைத்தான் எடுத்தார். "இது ஒண்ணுதான் கட்சி மாறல."

கரி தோற்ற இடத்தையும் சேர்த்து அப்படியே குழுவில் போட்டேன். டாக்டருக்கு ஒரே வார்த்தை: கரி.

பழைய வீடியோவைப் பகிர்ந்தவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றோடு அறுபத்திரண்டு. ஒருவர், "இப்ப எவ்ளோ குடுத்தான் உனக்கு?" என்று கேட்டார். அவருக்கும் சோதனையை அனுப்பினேன்.

மார்ச் 29, ஞாயிறு

இருநூற்று நாற்பது.

ஏப்ரல் 4, சனி

பத்துப் படமும் ஒரே சாம்பலில், ஒரே குடும்பம் மாதிரி. நன்றாகவே போட்டிருக்கிறார் டாக்டர். ஒரு படம் லேசாகச் சாய்ந்திருந்தது. பல்வரிசை என்றால் விடுவாரா?

என் டயர் மூன்றாவது. அதன் முன்னால் ஒருவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ன மைங்க?" என்றார். சொன்னேன்.

"ஒரு பொண்ணு வீடியோல கிழிகிழின்னு கிழிச்சுதே, அந்த மையா?"

"அந்தப் பொண்ணு நான்தாங்க."

என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். கரிக்காரர் நம்பரை வாங்கிக்கொண்டார்.

கரிக்காரர் வரவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

வெளிர்சாம்பல் பாட்டில் காலி. கரிக்காரருக்கு ஆர்டர் போட்டேன். பதில் எழுத்தில் வந்தது: "உங்களுக்கு முன்னாடி இருபத்தாறு பேர் இருக்காங்க. மூணு வாரம் ஆகும். அவசரம்னா வேற எடத்துல பாத்துக்கங்க."

அவசரமில்லை என்று எழுதினேன்.