பஞ்சா நாக்கா

டைட்டஸ்வில், புதன்கிழமை

அன்பு மகள் கோராவுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். அலாஸ்காக் குளிரில் நீயும் மருமகனும் குழந்தையும் உறைந்துபோகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் பெரிய செய்தி. ராக்கெட் கிளம்பும் நாளில் தபால் முத்திரை குத்திய உறைகளைச் சேர்க்கும் எங்கள் ஊர் விண்வெளி உறைச் சங்கம் ஞாயிறன்று பிற்பகல் முழுவதும் கூடி, இனி எந்த உறுப்பினரும் தபால் தலையை நாக்கால் நனைத்து ஒட்டக்கூடாது, ஈரப் பஞ்சால் மட்டுமே நனைக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டது. முன்மொழிந்தவர் உன் அப்பா. மூன்று முறை எழுந்து பேசினார். அவருடைய இளமைக்கால நண்பர் வெர்ஜில், "என் நாக்கு ஒட்டின தலையை இதுவரைக்கும் எந்த ராக்கெட்டாவது வேணாம்னு சொல்லிச்சாடா ஆர்லோ? உன் பஞ்சை நீயே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுச் சங்கத்தை விட்டே போய்விட்டார்.

நேற்றுக் கிளம்பவேண்டிய ராக்கெட் மேகத்தால் கிளம்பவில்லை. சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். நாங்கள் விமானம் ஏறவேண்டியது வெள்ளி, குழந்தைக்கு ஞானஸ்நானம் ஞாயிறு. ராக்கெட் கிளம்பும் நாளில் விழும் முத்திரைதான் முத்திரை, மறுநாள் விழுந்தால் அது வெறும் அழுக்கு என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருடமாக ராக்கெட் மேலே போகும்போதெல்லாம் உன் அப்பா தபால் நிலைய வரிசையில் நிற்கிறார். வெளியூர்க்காரர்கள் ராக்கெட் கிளம்புவது எப்படி இருக்கும் என்று கேட்டால், தபால் நிலைய ஜன்னல் கண்ணாடி நன்றாக அதிரும் என்கிறார்.

உறைக் கட்டை யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள் என்றேன். மற்றவர்கள் மையை ஈஷிவிடுவார்களாம், வெர்ஜில் கை மட்டும்தான் சுத்தமாம். நானே வெர்ஜில் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "பஞ்சையே வரிசையில நிக்கச் சொல்லும்மா" என்றார். நீங்கள் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். தீர்மானத்தைத் திரும்பப் பெறச் சங்க விதியில் இடமில்லையாம். பேரனை முதல்முதலாகக் கையில் வாங்கி ஞானஸ்நானத்தில் நீங்கள் ஏந்துவது என்ன ஆகும் என்றேன். "ஞானஸ்நானத் தண்ணி எங்கேயும் ஓடிடாதுடி, சனிக்கிழமை ஒருநாள்தான் வரும்" என்றார். சொல்லிவிட்டு, குழந்தைக்கென்று வாங்கி வைத்திருந்த தொப்பியை என் பெட்டியில் தானே வைத்தார். அதைச் சுற்றிய காகிதத்தை இரண்டு முறை பிரித்துச் சுற்றினார்.

காதை மூடாமல் வெளியே போகாதே. கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். மறக்காமல் பாதிரியாரிடம் முன்னதாகவே சொல்லிவிடு: குழந்தையை ஏந்தப்போவது உன் மாமனார்.

அன்புடன்,
அம்மா அடெலின்