வெள்ளிக்கிழமை அனுப்பாத ஊர்

மச்சாள், இன்று உங்கள் மடிக்கணினியைத் திறந்தேன். விபூதி மணந்தது. மனோர் பார்க் முருகனிடம் போய்வந்த கையைக்கூடக் கழுவாமல் விளையாட உட்கார்ந்தால் வேறு என்ன மணக்கும்? எழுத்துப் பொத்தான்களின் இடுக்கெல்லாம் வெள்ளையாக இருந்தது. துடைக்க மனம் வரவில்லை.

உங்கள் மகள் பக்கத்தில் நின்றாள். “மாமி, இதை யூனிவர்சிட்டிக்குக் கொண்டுபோகப் போறன். எல்லாத்தையும் அழிக்கட்டே? உங்கட கேம் கிளவுட்டில இருக்குத்தானே?”

“பொறு பிள்ளை, எல்லாம் இல்லை” என்றேன்.

அந்த ஏற்பாட்டைச் செய்து தந்ததே அவள்தான். லண்டனில் செவன் கிங்ஸில் நீங்கள், பிளேஸ்டோவில் நான், இருவருக்கும் இணையத்தில் ஒரே கோப்புறை. பகலில் நீங்கள் அந்த விளையாட்டில் ஊர் கட்டிச் சேமித்தால், நான் ஷிப்ட் முடிந்து வரும்போது அது என் கணினியில் இறங்கியிருக்கும். நான் கட்டியது காலையில் உங்களிடம் வரும். வந்த கையோடு தொலைபேசியில் சண்டைக்கு வருவீர்கள். “நீர் திரும்பவும் வரியைக் கூட்டிப்போட்டீர் என்ன? சனம் பாவமெல்லே!” காசில்லாமல் எப்படி ஊர் நடத்துவது என்று நானும் கத்துவேன். உங்கள் தம்பி, என்னைக் கட்டிய பாவத்துக்கு, இரண்டு பக்கமும் தலையாட்டுவார்.

இந்த வருடத் தொடக்கத்தில் பிறந்த ஊரின் போர்ச் செய்தி பார்க்கவே பயந்துபோய் இருந்தோம். நான் விளையாட மனமில்லை என்றேன். “எங்கட கையால ஒரு ஊராவது நல்லா இருக்கட்டும், வாரும்” என்றீர்கள். அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் மறுக்கவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் உங்களிடமிருந்து ஒன்றும் வராது. வெள்ளிக்கிழமை வீட்டுச் சாமானை வெளியில் கொடுக்கக் கூடாதாம். அதனால் காலையிலேயே அந்த இணைப்பை நிறுத்திவிடுவீர்கள், சனிக்கிழமை குளித்து முழுகிவிட்டுத்தான் திறப்பீர்கள். “ஐயோ மச்சாள், அது உப்பும் இல்லை, அரிசியும் இல்லை” என்று சிரித்தேன். “எங்கட வீட்டிலதானே கிடக்குது?” என்றீர்கள். இங்கே வருமுன் ஜெர்மனியில் அத்தனை வருடம் இருந்தும் நீங்கள் மாறவில்லை.

சித்திரையில் அந்தச் சனிக்கிழமை நீங்கள் எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள். வெள்ளிக்கிழமை கட்டிய ஊரோடு கணினி உங்கள் அலுமாரிக்குள் போய்விட்டது. எனக்கு வந்து சேர்ந்தது வியாழக்கிழமை ஊர்தான். அதிலிருந்து நான் தனியே கட்டிக்கொண்டு போனேன். விளையாட்டரங்கு, விமான நிலையம், என்னென்னவோ. உங்களோடு பேசுவதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்று இணையத்தைத் தொடவே பயந்தேன். தொட்டால் என் ஊர் இறங்கி, நீங்கள் கடைசியாகக் கட்டியதை அழித்துவிடுமே. முதலில் அதை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். அது சரியாக ஏறியதா என்று திறந்தும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பிள்ளையிடம் கணினியைக் கொடுத்தேன். அழிக்கட்டும். பாவம், அவளுக்குப் படிக்க வேண்டுமே.

வீட்டுக்கு வந்து இரண்டு ஊரையும் மாறி மாறித் திறந்து பார்த்தேன். இரண்டையும் ஒன்றாக்க முடியாது. ஒன்றில்தான் தொடர்ந்து ஆடலாம். என்னுடையது பெரிய ஊர், பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

உங்கள் ஊரில், ஆற்றங்கரையில் புதிதாக ஒரு வரிசை வீடு இருந்தது. சனத்தைக் குடியேற்றிவிட்டுத் தண்ணீர்க் குழாய் போடாமல் எழும்பிப் போயிருக்கிறீர்கள். நாளைக்குப் போடலாம் என்று நினைத்திருப்பீர்கள். ஒவ்வொரு கூரைக்கு மேலும் தண்ணீர் இல்லை என்ற குறி மின்னிக்கொண்டிருந்தது. பார்த்ததும் வாய்விட்டு அழுதேன்.

அழுது முடித்துக் குழாய் போட்டேன். ஒவ்வொரு வீடாகக் குறி மறைந்தது. இனி அந்தச் சனம் என் பொறுப்பு, மச்சாள்.