கைகாட்டி இறங்கவில்லை

4 ஒக்டோபர், சனி

நான் நாட்குறிப்பு எழுதும் இந்தக் கொப்பி உங்கள் கையில் கிடைத்தால், நீங்கள் யாராக இருந்தாலும், மூடி மெத்தைக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள். ஒருவருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்குக் காட்டவே வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் பள்ளிக்கூடத்தில் யாராவது வாசித்துவிடுவார்கள் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

தமிழ் வகுப்பு முடிந்து வந்ததும் அப்பாவும் நானும் சின்ன அறையில் விளையாட்டு ரயில் விட்டோம். அந்த அறையில் கட்டில் போட இடமில்லை. சுவருக்குச் சுவர் பலகை. பலகையில் ஸ்டான்மோர் ஸ்டேஷன், 1890-களில் இருந்தபடி. ஹரோவில் இருந்து பிரிந்துபோன கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன் அது. உண்மைப் பாதையைப் பிடுங்கி எத்தனையோ வருஷம். அப்பா அந்தப் பக்கமாக பஸ் ஓட்டும்போது தேவாலயம் மாதிரி ஒரு வீட்டைக் கண்டு, விசாரித்து, அதுதான் பழைய ஸ்டேஷன் என்று அறிந்தார். பழைய படங்களைப் பார்த்து இரண்டு வருஷமாகக் கட்டுகிறோம். கூரை மட்டும் பாக்கி.

எங்கள் முறை இது. அப்பா டிரைவர், நான் சிக்னல் மரத்தை ஏற்றி இறக்குகிற கைகாட்டிக்காரி. பலகையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெல், கடைகளில் ஆளைக் கூப்பிடத் தட்டுவார்களே, அது. அப்பா இரண்டு தரம் தட்டினால் ரயில் வருகிறது. நான் அதையே திருப்பித் தட்ட வேண்டும். திருப்பித் தட்டாவிட்டால் கேட்கவில்லை என்று அர்த்தம். நான் கைகாட்டியை இறக்கினால்தான் அவர் ஸ்டேஷனுக்குள் வரலாம். ஆறு தரம் தட்டினால் பாதையில் ஆபத்து, எல்லாவற்றையும் நிறுத்து. பழைய ரயில்காரரின் சட்டமாம். ஆறு நாங்கள் ஒருநாளும் தட்டியதில்லை.

இன்று நான் கைகாட்டியை இறக்கவில்லை. ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. உள்ளே வந்து, கடைசித் தடுப்பை இடித்து, பலகையைத் தாண்டி நிலத்தில் விழுந்து புகைபோக்கி உடைந்தது. அப்பாவைப் பார்த்தேன். கை, ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியில். கண் திறந்திருக்கிறது. வாய் மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி. “அப்பா” என்றேன். “அப்பா! அப்பா!” — எவ்வளவு நேரம்? அரை நிமிடம் இருக்கும்.

பிறகு கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கீழே பார்த்தார்.

“என்ன பிள்ளை இது? நீயோ தட்டி விழுத்தினது?”

“ஓம்” என்றேன்.

ஏன் ஓம் என்று சொன்னேன்?

“சரி விடு ரூபி. புகைபோக்கிதானே, ஒட்டலாம்.”

அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

7 ஒக்டோபர், செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனேன். அப்பாவின் பஸ் என்னைக் கடந்து போனது. ஹோர்ன் அடித்துக் கை அசைத்தார். மேல்தட்டு நிறையப் பிள்ளைகள்.

11 ஒக்டோபர், சனி

கடதாசியில் வெட்டிய சின்னச் சின்ன ஓடுகளைக் கூரையில் ஒட்டினோம். அம்மா கதவடியில் நின்று எட்டிப் பார்த்தார்.

“மனுசர் படுக்க இடமில்லாத வீட்டில இந்தாளுக்கு ஒரு ஸ்டேஷன்.”

“சுசி, ஸ்டேஷனுக்குள்ள வாறதெண்டா டிக்கற்றோட வாரும்.”

“டிக்கற்றோ? வந்து வெங்காயம் உரியுங்கோ, டிக்கற் தாறன்.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா இறங்கிப் போய்க் கொஞ்ச நேரத்தில் அவருடைய கை நடுவழியில் நின்றது. பசை சொட்டுச் சொட்டாகத் தண்டவாளத்தில் விழுந்தது. இந்த முறை எண்ணினேன். முப்பத்தெட்டு விநாடி. பிறகு, “ஆர் இதில பசை ஊத்தினது?” என்றார்.

“அப்பா, உங்களுக்கு ஏதும் செய்யுதோ?”

“நித்திரை இல்லை பிள்ளை. விடிய நாலு மணிக்கு எழும்பிற ஷிப்ட், வேற என்ன.”

நித்திரை இல்லாதவர் கண்ணை மூடுவார்தானே. இவர் கண் திறந்தே இருந்தது.

13 ஒக்டோபர், திங்கள்

நூலகக் கொம்பியூட்டரில் தேடினேன். இது ஒரு வகை வலிப்பு என்று போட்டிருக்கிறது. விழுந்து உதறாத வலிப்பும் இருக்கிறதாம். டொக்டரிடம் போகும்வரை ஒன்றும் ஓட்டக் கூடாது. காருக்கு ஒரு சட்டம், பஸ்ஸுக்கு வேறு சட்டம். பஸ்ஸுக்குப் பத்து வருஷம் ஓட்டக் கூடாது என்று இருந்தது. பத்து வருஷத்தில் அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு.

தேடியதை எல்லாம் அழித்துவிட்டு வந்தேன். யாரோ பின்னால் நின்ற மாதிரியே இருந்தது.

15 ஒக்டோபர், புதன்

அம்மா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. “அம்மா, அப்பாவுக்கு உடம்புக்கு ஏதும் வருத்தமோ?” என்று மட்டும் கேட்டேன்.

“என்ன வருத்தம்? உன்ர அப்பா டென்மார்க்கில பதினொரு வருஷம் ஆக்கள் திண்ட தட்டுக் கழுவினவர். இஞ்ச வந்து பஸ் லைசென்ஸ் எடுத்த அண்டைக்கு, யூனிபோமைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால அரை மணித்தியாலம் நிண்டவர். அந்த மனுசனுக்கு என்ன வருத்தம்? வாசலடியில கிடக்கிற சப்பாத்தை எடு, பிந்துது.”

சப்பாத்தை எடுத்துக் கொடுத்தேன்.

17 ஒக்டோபர், வெள்ளி

என் சிநேகிதி பியற்றிஸ் வகுப்புக்குள் வரும்போதே ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு வந்தாள். “ரூபி, உன்ர அப்பா காலமை பஸ்ஸுக்க நித்திரை கொண்டவரடி! சிக்னல் பச்சையாகி, சிவப்பாகி, திரும்பவும் பச்சையாகி, மனுசன் அசையேல்லை. பின்னால எல்லாரும் ஹோர்ன். நாங்கள் மேல இருந்து ‘வேக் அப், அங்கிள்’ எண்டு பாட்டே பாடினம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

பஸ் நிண்டுகொண்டிருந்தபடியால் சரி. ஓடிக்கொண்டிருந்தா? பியற்றிஸ் எப்பவும் மேல்தட்டில முதல் சீற்றிலதான் இருப்பாள். அவளுக்கு ஏதும் நடந்தா அது என்னாலதானே. எனக்குத்தானே தெரியும். எனக்கு மட்டும்தானே தெரியும்.

சொன்னால் அப்பாவின் பஸ் போய்விடும். சொல்லாவிட்டால்—

19 ஒக்டோபர், ஞாயிறு

ஸ்டான்மோருக்கு ஞாயிற்றுக்கிழமை ரயில் விடக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஒப்பந்தம் இருந்ததாம். அப்பா அதையும் கடைப்பிடிக்கிறார். ஞாயிறு முழுக்கப் பலகைமேல் வெள்ளைத் துணி. ஒருவரும் தொடமாட்டார்கள்.

அதனால்தான் இன்று செய்தேன். அப்பாவின் கோட்டுப் பையில் இருந்து லைசென்ஸையும் டிரைவர் கார்ட்டையும் எடுத்து, கட்டடத்தோடு இன்னும் ஒட்டாத கூரையைத் தூக்கி, ஸ்டேஷனுக்குள் வைத்தேன். அவை இல்லாமல் பஸ் தரமாட்டார்கள்தானே? நான் இப்போது கள்ளியும்.

20 ஒக்டோபர், திங்கள்

விடிய நாலு மணிக்கு அப்பா வீடு முழுக்கத் தேடினார். போர்வைக்குள் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். டிப்போவில் இன்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் நாளைக்கு வரட்டாம். கொம்பியூட்டரில் விபரம் பார்த்துக்கொள்வார்களாம். நான் களவெடுத்தது ஒரேயொரு நாள்.

“எங்கையோ விழுத்திப்போட்டன்” என்று தன் நெற்றியில் தட்டினார். “என்ர மண்டை இப்ப ஒண்டுக்கும் உதவாது.” அதைக் கேட்க ஏலாமல் இருந்தது.

பின்னேரம் நான் வந்ததும், “வா பிள்ளை, ஒரு ரயிலாவது ஓடட்டும்” என்றார். இரண்டு தரம் தட்டினார். நான் திருப்பித் தட்டவில்லை. கைகாட்டியையும் இறக்கவில்லை. ரயில் வெளியே நின்றது.

“ரூபி, ஸ்டேஷன் நித்திரையோ?”

நான் ஆறு தரம் தட்டினேன். ஏழாகிவிடுமோ என்று எண்ணி எண்ணித் தட்டினேன்.

“என்ன, லைனில மாடு படுத்திருக்கோ?”

“அப்பா, அண்டைக்கு எஞ்சினை நான் விழுத்தேல்லை.”

பிறகு எல்லாம் சொன்னேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், பாதி அழுகை. எஞ்சின், பசை, பியற்றிஸ், நூலகம். அப்பா திருகியில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எத்தினை தரம்?”

“நான் கண்டது ரெண்டு. பஸ்ஸில ஒண்டு.”

“பஸ்ஸில பிள்ளையள் இருந்தவையோ?”

“மேல. நிறைய.”

கூரையைத் தூக்கி இரண்டு கார்ட்டையும் எடுத்து நீட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. லைசென்ஸில் இருக்கும் தன் படத்தையே கனநேரம் பார்த்தார். பிறகு இரண்டையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். பெல்லைத் திருப்பித் தட்டவில்லை.

இரவு அவரோடு இருந்து சாப்பிட்டேன். அம்மா வேலைக்குப் போன பிறகு, எல்லா நாளும் செய்வதுபோல், நாளைக்குப் போடுகிற யூனிபோம் சட்டையை அயர்ன் பண்ணிக் கதவில் கொழுவினார்.

கொழுவினார்.

21 ஒக்டோபர், செவ்வாய்

இன்னும் இருட்டு. நான் நித்திரை கொள்ளவில்லை.

நாலு மணிக்கு அலாரம் அடித்தது. குளியலறையில் தண்ணீர் திறந்தது திறந்தபடி நெடுநேரம் ஓடியது. அந்தச் சத்தத்துக்குள் வேறொரு சத்தமும் கேட்டது போல இருந்தது. அதைப் பற்றி எழுதமாட்டேன்.

படியில் இறங்கினார். தேநீர்க் கேத்தில் கொதித்தது. சப்பாத்து நிலத்தில் வைக்கிற சத்தம். வாசல் கதவு திறந்தால் ஓடிப்போய்க் குறுக்கே நிற்பேன். முடிவெடுத்துவிட்டேன். அப்பா தள்ளிவிட்டால்? தள்ளட்டும்.

ஐந்து மணி. அவருடைய பஸ் இப்போது டிப்போவில் இருந்து புறப்பட வேண்டும்.

ஐந்து பத்து. வாசல் கதவு திறக்கவில்லை.

படியில் காலடி. மேலே வருகிறார். என் அறையைத் தாண்டிப் போகிறார். சின்ன அறையின் கதவு. கதிரையை இழுக்கிற சத்தம்.

பெல்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நிறுத்திவிட்டாரோ? இல்லை, ஐந்து.

ஆறு.

திருப்பித் தட்டிப்போட்டார். அப்பா திருப்பித் தட்டிப்போட்டார். காலடி இந்தப் பக்கம் வருகிறது, கதவுக்குக் கீழே வெளிச்சம், கதவில் தட்டு