கொக்கி அப்படியே இருக்கிறது

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது. அங்கே குளிர் குறைந்து, நீயும் மருமகளும் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். வலது மணிக்கட்டில் உள்ள மாவுக்கட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அம்மாவும் சுகம். மாடி வராந்தா ஊஞ்சலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்து விழுந்ததும், நீ வீட்டு வாட்ஸ்அப் குழுவில் “அந்த உத்தரத்தப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம்” என்று எழுதினாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். தச்சர் போட்ட உத்தரத்தில் ஒரு கீறல் இல்லை, கொக்கி இரண்டும் அப்படியே இருக்கின்றன, கயிறும் அறவில்லை. அவிழ்ந்தது முடிச்சு, போன லீவில் நீ வந்தபோது கட்டிய முடிச்சு. கட்டி முடித்துப் பெருமையாகப் படம் எடுத்து அனுப்பினாய் அல்லவா, அதைப் பெரிதாக்கிப் பார். இடதின் மேல் வலது, மறுபடியும் இடதின் மேல் வலது என்று இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டிருக்கிறாய். இரண்டாம் தடவை மாற்றிப் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையைத் தாங்கத் துணி கட்டிய நர்ஸ், பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல் அதைச் சரியாகப் போட்டாள். அப்படிச் சரியாகப் போட்டாலும் அது துணிக்கும் புத்தகக் கட்டுக்கும் ஆகும், ஆள் உட்காரும் கயிற்றுக்கு ஆகாது. அதுவும் புது நைலான், சோப்பு தடவியது போல வழுக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது. கொக்கியை இரண்டு சுற்றுச் சுற்றி, தொங்கும் கயிற்றின் மேலேயே இரண்டு அரை முடிச்சுப் போட்டிருந்தால் போதும். இல்லாவிட்டால் வாளியைக் கிணற்றில் இறக்கப் போடுகிற நழுவாத வளையம். பள்ளியில் நான் எடுத்த சாரணர் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே பீரியடில் கற்றுக்கொண்டார்கள், நீயும் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாய்.

தப்பாகக் கட்டியதற்கு எனக்குக் கோபம் இல்லை. செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த தச்சரை அம்மா, “உங்க வேலைய நம்பித்தானே உக்காந்தேன், கொஞ்சம் நல்ல மரமாப் போட்டா என்ன கொறஞ்சு போயிருவீங்க” என்று உன் தங்கையின் மாமியார் எதிரிலேயே கேட்டுவிட்டாள். சம்பந்தியம்மா கட்டும் புது வீட்டின் கதவு, ஜன்னல் வேலை எல்லாம் தச்சருக்குத் தருவதாக இருந்தது. அந்தம்மா உன் வரியையும் குழுவில் படித்தாரா, மறுநாளே “நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் அம்மாவிடம் முடிச்சைப் பற்றிச் சொன்னால், “எம்புள்ள கட்டினது அவுழுமா, இஞ்சினியருக்குப் படிச்சவன்” என்கிறாள். அதே கொக்கியில் நானே கட்டி, மடியில் மணல் மூட்டையை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் ஆடிக் காட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். “அன்னிக்கு உத்தரம் சரியில்ல, இன்னிக்குச் சரியாயிருச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இதற்கு மேல் எந்த நிரூபணத்தை நான் கொண்டுவருவது?

நேற்று தச்சரின் பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வேலைக்கு வந்த ஆட்கள் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர் நாற்காலிக் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார், “எனக்கு அன்னிக்கே தெரியும் சார், சாயங்காலம் வந்து கயித்தப் பாத்தேனே. புள்ள ஆசையாக் கட்டிக் குடுத்துட்டுப் போனது, கை ஒடிஞ்சு கெடக்கிற அம்மாகிட்ட அத எப்படிச் சொல்றது?” உன்னைக் காட்டிக்கொடுக்காமல் ஒரு முழு வீட்டின் மர வேலையையே விட்டுக்கொடுத்திருக்கிறார் அந்த மனுஷன். நீயோ, ஒரு கீறலும் இல்லாத மரத்தின் மேல் ஒரே வரியில் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாய். நீ கட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவன் நான், நிமிர்ந்து பார்க்காதது என் தப்பு, அதை அவரிடம் சொல்லிவிட்டேன். உன் பங்கை நீதான் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் சம்பந்தி வீட்டுக்கு வேறு ஆள் அளவெடுக்க வருகிறார், அதற்கு முன்னால் அம்மாவிடமும், பிறகு சம்பந்தியம்மாவிடமும், பிறகு தச்சரிடமும் பேசு. குழுவில் எழுதியதைக் குழுவிலேயே திருத்து.

மருமகளுக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். சைக்கிள் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு வேலைக்குப் போவதாகச் சொன்னாயே, முதலில் அதை அவிழ்த்து மறுபடி கட்டு. இன்னொன்று, அம்மாவிடம் பேசும்போது கயிறு கொஞ்சம் லூசா இருந்திருக்கும் என்று ஆரம்பிக்காதே. நான் கட்டினதுதான் அவிழ்ந்தது என்று சொல். அழுவாள், அழட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்.

கோபம் தீராத,
உன் அப்பா