சீட்டாட ஓர் இடம்

செப்டம்பர் 1, திங்கள்

பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்துத் தறிக்கூடத்து ஓட்டில் போய் விழுந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்கவே காலை போயிற்று.

தம்பி சாம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு திரிகிறான். போனில் காசு வைத்துச் சீட்டாடுவதைச் சர்க்கார் நிறுத்திவிட்டது அல்லவா, அதிலிருந்து இப்படி. அவனுடைய மொபைல் கடைக்கு வருகிறவர்களெல்லாம் அதே பேச்சாம். ஆட்கள் மறுபடியும் பழைய பஜாருக்கே வந்துவிட்டார்களாம். மூன்று இடத்தில் நடக்கிறதாம்: மனமகிழ் மன்றம், ரதவீதி லாட்ஜ் மாடி, நூல் குடோன்.

"ரம்மியா?"

"போக்கருந்தான். எல்லாரும் போன்ல படிச்சுக்கிட்டாங்க."

"என்னையும் கூட்டிட்டுப் போலே."

இட்லி வாயோடு சிரித்தான். "ஏக்கா, பொம்பளைய எவன்க்கா உள்ள விடுவான்?"

கோவாவில் கேசினோ கப்பலில் பாதி ஆயுசு சீட்டுப் போட்டாயிற்று. சீட்டுப் போடுகிற டீலர் ஆடக்கூடாது, அங்கே விதி அப்படி. ஊரான் ஆடப் பார்த்துக்கொண்டே நின்றேன். நின்று நின்று முட்டி போனதுதான் மிச்சம், ஊருக்கு வந்துவிட்டேன். இனி எந்த விதியும் இல்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, என் சீட்டு என்று இரண்டை எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த வயதில் இதை வெளியே சொல்ல வெட்கம்.

வாங்க வேண்டியது: முட்டிக்குத் தைலம், சீயக்காய், துணி கிளிப்.

செப்டம்பர் 3, புதன்

தைலம் வாங்கினேன். கிளிப் மறந்துவிட்டது.

சாமை நம்பிப் பயனில்லை. நானே மனமகிழ் மன்றத்துக்குப் போனேன். பகல் நேரந்தான். செயலாளர் மரியாதையான மனுஷர். நாற்காலி போடச் சொன்னார், கலர் வாங்கிவரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"லேடீஸ் மெம்பர் இதுவரைக்கும் கிடையாதும்மா. லேடீஸுக்குப் பாத்ரூமும் இல்ல பாருங்க."

"நான் வீட்டுக்குப் போய்க்கிடுதேன் சார்."

"பிள்ளைக இருந்தா அனுப்புங்க. கேரம் போர்டு இருக்கு."

பிள்ளைகள் இல்லை என்றேன். அதற்கு ஒரு பார்வை. உள்ளே சீட்டைக் கலைக்கிற சத்தம் கேட்டது. எவனோ மகா மட்டமாகக் கலைக்கிறான். கலரைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஓணம். பூவெல்லாம் கேரளாவுக்கு லாரி ஏறிவிட்டது. மார்க்கெட்டில் மல்லிகையைத் தொட முடியவில்லை. சாம் பெண்டாட்டி மெர்சிக்கு ஒரு முழம் மட்டும் வாங்கினேன்.

வருகிற வழியில் ரதவீதி லாட்ஜ். யோசித்தால் கால் திரும்பிவிடும் என்று நேரே ஏறிவிட்டேன். கவுன்டரில் இருந்தவன் என்னைவிடச் சின்னவன்.

"மேல ஆட்டம் நடக்குதாமே. நானும் வரலாமா?"

கையிலிருந்த பூவைப் பார்த்தான். "ஆட்டமெல்லாம் இல்ல. ரூம்னா இருக்கு. கூட யாரு வாராக?" ஒரு சிரிப்பு வேறு.

செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. படியிறங்கும்போது முட்டி அப்படி வலித்தது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். மேலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருந்ததுதான் வலியைவிடக் கொடுமை.

பூவை மெர்சியிடம் கொடுத்தேன். "விலை ஜாஸ்தியா இருந்திருக்குமே மதினி" என்றாள். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சர்ச். வெளியே வரும்போது புதிதாக வந்த போதகரின் மனைவியிடம் மெர்சி என்னை அறிமுகம் செய்தாள். "எங்க மதினி. கோவால பெரிய ஹோட்டல்ல ரிசப்ஷன்ல இருந்தாக." எல்லோரிடமும் சொல்லும் அதே பொய். சாம்தான் முதலில் கட்டினான், அவள் காப்பாற்றி வருகிறாள். நான் தலையாட்டினேன். இந்தத் தலையாட்டலும் பழகிவிட்டது.

மத்தியானம் எல்லோரும் தூங்கிய பிறகு கட்டிலில் நாலு கைக்குச் சீட்டுப் போட்டு நானே மாறி மாறி ஆடினேன். நாலு பக்கமும் தெரிந்தால் அது என்ன ஆட்டம்? சலித்துப்போய் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

சாம் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக, "அக்கா, இடம் கிடைச்சாச்சு. நூல் குடோன்ல. அண்ணாச்சிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம்."

அண்ணாச்சி நூல் வியாபாரி. குடோன் அவருடையதுதான்.

"பொம்பளைன்னு சொன்னியாலே?"

"சொன்னேன்க்கா. தாராளமா வரச் சொல்லுன்னுட்டாரு."

தோசை வார்த்துப் போட்டேன் அவனுக்கு, முறுகலாக. சின்ன வயதில் எனக்காக ஒன்று செய்தால் இப்படித்தான் காலை ஆட்டிக்கொண்டே சாப்பிடுவான். இந்த வீட்டுக்கு வந்த பிறகு இன்றைக்குத்தான் அவனை என் தம்பி என்று தோன்றியது.

செப்டம்பர் 12, வெள்ளி

நீலக் காட்டன் சேலைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி. மெர்சி, "என்ன மதினி விசேஷம்?" சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். பொய். இந்த வீட்டில் அதற்கா பஞ்சம்.

செப்டம்பர் 13, சனி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும்.

குடோனில் நூல் மூட்டைகளுக்கு நடுவே மேசை, மேலே பச்சைப் போர்வை. அண்ணாச்சி, மாவு மில்காரர், பக்கத்துத் திருவேங்கடம் ஊரிலிருந்து வந்த ஒரு விவசாயி, சாம். எனக்கு நாற்காலி போட்டிருந்த இடம் டீலர் இடம். அப்போதே புரிந்திருக்க வேண்டும். "நான் ஆட வந்தேன்" என்றேன். "அதுக்கென்ன தங்கச்சி, மொதல்ல ரெண்டு கை ஆடிக்கோ" என்றார் அண்ணாச்சி. சாம் சீட்டுப் போட்டான்.

சீட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் தூக்கிப் பார்த்தேன். ஜோடி ஒன்பது. எனக்கு. என்னுடைய ஒன்பது. நெஞ்சு அடித்துக்கொண்டது, இத்தனை வருஷம் எத்தனை பேருக்கு இப்படி அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். திருவேங்கடத்துக்காரர் மீசையைத் தடவியபடி என்னையே பார்த்தார். நான் அசையவில்லை. அவர் தன் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுவிட்டு, "ஏ யப்பா, இந்தம்மாவ அசைக்க முடியாதுவே" என்று சிரித்தார். ஜெயித்துவிட்டேன். நானும் சிரித்தேன், சத்தமாக.

பிறகு டீ. அண்ணாச்சி என்னை மூட்டைகளுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"இனி நீ சீட்டப் போடு. ஆடுததுக்கு ஆளு இருக்கு. எந்தச் சீட்டு எவனுக்குப் போகணும்னு உன் விரலுக்குத் தெரியும்லா? அந்தத் திருவேங்கடத்தான் தோக்கணும். மத்தத நாங்க பாத்துக்கிடுதோம். தம்பி எல்லாம் சொல்லிட்டான்."

சாமைப் பார்த்தேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் வேலையை ஊருக்கு மறைத்தவன். விற்க மட்டும் அதை வெளியே எடுத்திருக்கிறான். அதையும் திருட்டு வேலையாக்கி. கப்பலில் நான் ஒரு சீட்டைக்கூட மாற்றிப் போட்டதில்லை.

மேசைக்கு வந்து உட்காராமல் நின்றபடியே சொன்னேன். "திருவேங்கடத்து அண்ணாச்சி, உங்களத் தோக்க வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காக. சீட்ட மாத்திப் போடச் சொல்லுதாக. எந்திரிச்சுப் போயிருங்க."

அந்த மனுஷர் அண்ணாச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. கோபம் என்மேல்.

"நீ யாரும்மா எங்களுக்குள்ள பேசுததுக்கு? எத்தன வருசப் பழக்கம் தெரியுமா? போ, வீட்டுல சோலியப் பாரு." பிறகு சாமிடம், "ஏலே, சீட்டப் போடு."

ஷிப்ட் முடிந்து டேபிளை விட்டு விலகும்போது செய்கிறபடி ஒரு தடவை கையைத் தட்டி, உள்ளங்கையும் புறங்கையும் காட்டினேன். எதையும் எடுத்துப் போகவில்லை என்று கேமராவுக்குக் காட்டுவது. பழக்கதோஷம். மாவு மில்காரர் சிரித்துவிட்டார். வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. மெர்சி போய்விட்டு அழுதுகொண்டு வந்தாள். மாவு மில்காரர் வீட்டிலிருந்து விஷயம் பரவிவிட்டதாம்.

"நாளைக்கு எம் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமா மதினி? சூதாட்டக் கப்பல்ல இருந்தவ வீடுன்னுலா சொல்லுதாக."

சாம் வாசலில் நின்றான். "உன் கை சுத்தம்னு காட்டணும், அதுக்கு என் மூஞ்சில கரியப் பூசணும். அப்படித்தானக்கா? அண்ணாச்சிட்ட போயி மன்னிப்புக் கேளு. இல்லன்னா இங்க இருக்க வேண்டாம்."

"ஏலே, நான் என்ன களவா செஞ்சேன்?"

போய்விட்டான். இந்த மாடியைக் கட்டியதில் என் கப்பல் சம்பளமும் இருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

வெயில். ஸ்டேஷன் பக்கம் வீடு தேடினேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: தனியாவா? ஒரு வீட்டம்மா மட்டும் கேட்கவில்லை. அவருக்குக் காது கேட்காது. ஒற்றை அறை, தண்ணீர் கீழிருந்து தூக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை மாறுகிறேன். முட்டியை நினைத்தால்தான் பயம்.

மெர்சி தட்டை மாடிக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். சாம் பேசுவதில்லை.

செப்டம்பர் 20, சனி

பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கேட்டில் மொபெட் சத்தம். திருவேங்கடத்துக்காரர். கையில் ஒரு பை பாசிப்பயறு.

"நல்லாருக்கியாம்மா. அன்னைக்கு நீ சொன்னது நெசம்னு எனக்கு அப்பமே தெரியும். நாலு பேரு முன்னால எந்திரிச்சா மரியாத என்னாவும், சொல்லு. அதான் ஏசிட்டேன். மனசுல வச்சுக்கிடாத."

கண் கலங்கிவிட்டது எனக்கு. இந்த ஊரில் ஒருவராவது. உள்ளே வந்து காப்பி குடியுங்கள் என்றேன்.

"இருக்கட்டும். ராயகிரில நம்ம சொந்தக்காரன் தோப்புல ஒரு ஆட்டம் வைக்கேன். நூல் குடோன் அண்ணாச்சியும் வாரேன்னுட்டாரு." குரலைத் தாழ்த்தினார். "நீ வந்து சீட்டப் போடணும். இந்தத் தடவ எனக்குப் பாத்து."

கேட்டேன், "நான் ஆட வரலாமா அண்ணாச்சி?"

"நீயா?" சிரித்தார். நல்ல சிரிப்புத்தான், அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. "நீ ஆடுனா பொறவு யாரும்மா சீட்டப் போடுவா?"

பையைத் திருப்பிக் கொடுத்துக் கேட்டைச் சாத்தினேன்.

திரும்பினால் பின்னால் சாம். எப்போது வந்து நின்றான் என்று தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவன்.

"என்னக்கா, எவ்வளவு தாரேங்காரு?" என்றான்.