எலிக்கூண்டு வலையும் டாக்டர் வீட்டு வடாமும்

ஏப்ரல் 3
காலையிலேயே வெயில். ஆய்வுக்கூடத்தில் விசிறி ஓடவில்லை. எலிகளுக்குத் தீட்டிய அரிசிதான், பி-வைட்டமின் துளியும் கிடையாது. இந்நேரம் சோற்றைக் கண்டாலே முகம் திருப்ப வேண்டும். மூக்குப் பிடிக்கத் தின்கின்றன. அவை பசியற்றுக் கிடந்தால்தான் எனக்கு ஆராய்ச்சிப் பட்டம்.

கூண்டுகளின் அடியில் இருந்த கம்பிவலைத் தட்டுகளைக் காணோம். பதிலுக்கு மரத்தூள். ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டரைக் கேட்டேன்.

"யுத்தத்துக்கு இரும்பு கேக்கறா, குடுத்தாச்சு. தேசத்தைவிட எலி ஒசத்தியா, மிஸ்டர் அந்தோணி?"

ஆய்வுக்கூடத்து ஸ்பிரிட்டில் வீட்டு ஸ்டவ் எரிக்கும் தேசபக்தர்.

ஏப்ரல் 5
கூண்டருகே குந்தியிருந்து பார்த்தேன். சந்தேகப்பட்டது சரி. எலிகள் தங்கள் புழுக்கையையே தின்கின்றன. வைட்டமின் அதிலிருந்து கிடைத்துவிடுகிறது. வலை இருந்தால் புழுக்கை கீழே விழும், வாய்க்கு எட்டாது. டாக்டரிடம் சொன்னேன்.

"சீ! கார்த்தால வந்து சொல்ற பேச்சா இது?"

வைட்டமினுக்கும் பசிக்கும் சம்பந்தமே இல்லை என்று அடுத்த வாரம் பிரசங்கம் செய்யப்போகிறாராம். அத்தோடு என் பட்டத்துக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான்.

அட்டெண்டர் முனுசாமி: "நல்லா துண்ணுகினு கீது. அத்தப் போயி ஏன் சார் திட்டுறே?" இவனும் டாக்டர் ஆகலாம்.

ஏப்ரல் 8
கையெழுத்து வாங்க மயிலாப்பூரில் டாக்டர் வீடு. அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, மாமி, மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். வடாம் காய்கிறது. காக்காய் கொத்தாமல் இருக்க மேலே என் வலைகள்! சட்டத்தில் சிவப்புச் சாயத்தில் கூண்டு எண், நானே எழுதியது. யுத்தம் இந்த மாடியில்தான் நடக்கிறது போலும்.

"அரைகுறையா காஞ்சது ருசியா இருக்கும். ஒண்ணு எடுத்துக்கோங்கோ."

வலை எங்கே இருந்தது, அதன் வழியாக என்ன விழுந்தது என்று சொன்னேன். மரியாதையாகத்தான்.

"ஐயையோ! போன வாரம் பிழிஞ்சதைத்தானே தெனமும் அவருக்குப் பொரிச்சுப் போட்டுண்டிருக்கேன்!"

ஏப்ரல் 9
வலைகள் திரும்பின, பளபளவென்று தேய்த்து. டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிரசங்கம் ஒத்திவைப்பு, உடம்பு சரியில்லையாம்.

ஏப்ரல் 27
மேகமூட்டம். ஏழாம் கூண்டு எலி சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மற்றவையும் அப்படியே. பட்டம் பிழைத்தது. எலிகள்தான் பாவம்.

மாலை பாண்டி பஜாரில் மாமி. "வடாம்னாலே எழுந்து போயிடறார். சாதத்துலயும் கை வைக்கறதில்லை. என்ன வைட்டமின் குறைச்சலோ, நீங்கதான் சொல்லணும்."

ஆராய வேண்டிய விஷயம் என்றேன்.

வீட்டில் வஞ்சிரக் குழம்பு. மூன்று தடவை சோறு வாங்கினேன்.