தலைமாட்டுச் சுவரில் கசிவு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மேகம். தூறல் வருவது போல வந்து வரவில்லை. குழாயில் காவேரி தண்ணீர் விடும் நாள். தெருவில் ஒரு பெண் குரல்: "ஏய், மோட்டார் போடுடீ, நின்னுடப் போவுது!" எனக்கே கேட்டது என்றால் எங்கள் நீலசந்திரா ஏரியா முழுக்கக் கேட்டிருக்கும்.

ஏழேகாலுக்கு சரோஜா கட்டிலிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, பாத்ரூம்ல சொட்டுது."

"குழாயை மூடிட்டேனே."

"குழாய் இல்ல. கீழ, சுவர் பக்கம். மெதுவா விழுது."

போய்ப் பார்த்தேன். சரிதான். வாஷ்பேசினுக்குக் கீழே சுவரிலிருந்து கையகலம் வெளியே வரும் பழைய இரும்பு பைப். வளைவுக்கு ஒரு விரல் தள்ளி, துருவுக்கு நடுவில், ஊசிமுனை அளவு ஓட்டை. தண்ணீர் பாதி தரையில் சொட்டுகிறது. பாதி பைப்பை ஒட்டியபடியே சுவருக்குள் திரும்பிப் போகிறது. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு 22.

எனக்கு இடது காது போய் ஆறு வருடம். வலது பாதி. ச.வுக்கு நுரையீரல் போய்க்கொண்டிருக்கிறது, காது மட்டும் அப்படியே இருக்கிறது. முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். தலைமாட்டில் ஆக்சிஜன் மிஷின் ஓயாமல் உறுமுகிறது. அதையும் தாண்டித்தான் இந்தச் சொட்டு அவளுக்குக் கேட்டிருக்கிறது.

பழைய பனியனைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். அடியில் பக்கெட்.

துளி 15. ஆக்சிஜன் காலை 91, மாலை 90.

வாங்க: சைக்கிள் ட்யூப், கட்டுக்கம்பி, ஸ்ட்ரா (வளையும் வகை), நெபுலைசர் மருந்து.


ஜூலை 9, புதன்

குளிர் காற்று. ச. இரண்டு போர்வை கேட்டாள்.

பத்து மணிக்கு ரத்னம்மா மேலே வந்தார். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர். கன்னடக்காரர், எங்களிடம் கன்னடம் கலந்த தமிழில் பேசுவார்.

"சார், நம்ம அடுகெ மனெல ஈரம் இறங்குது. ஸ்டவ்வுக்கு நேர் மேல. சாம்பார்ல சொட்டினா யாரு சாப்பிடறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையோடு பிளம்பரையும் கூட்டி வந்திருந்தார். அவன் ஸ்க்ரூடிரைவரால் பைப்பைத் தட்டினான். துரு செதில் செதிலாக விழுந்தது.

"உள்ள பூரா போயிடுச்சு சார். சுவரை ஒடைச்சு லைனையே மாத்தணும். மூணு நாள் ஆகும். தண்ணி இருக்காது. தூசி இருக்கும்."

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ச.வின் தலைமாடு. வீடு மொத்தமே ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. கட்டிலை எங்கே நகர்த்தினாலும் தூசி வரும். வாரம் இருமுறை வரும் நர்ஸ் கலாவுக்கு போன் செய்தேன்.

"தூசி மட்டும் வேண்டாம் சார். ஒடைச்சுத்தான் ஆகணும்னா அம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்துட்டு ஒடைங்க."

பிப்ரவரியில் பதினோரு நாள் வார்டில் இருந்தாள். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னது: "இனிமே அங்க வேண்டாங்க. எதுவா இருந்தாலும் இங்கயே." சரி என்றேன். வாக்கு என்று அன்று நினைக்கவில்லை. அவள் நினைத்திருக்கிறாள். ஒக்கலிபுரத்தில் அவள் தங்கை வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.

ரத்னம்மா யோசித்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன் சார். ஈரம் பெருசாகலன்னா விடறேன். ஆச்சுன்னா ஒடைக்கணும், வேற வழி இல்ல." நியாயம். அவர் தலைக்கு மேலும் ஒரு கூரை இருக்கிறது.

இறங்கும் முன் அறை வாசலில் நின்று, "ஊட்டா ஆய்த்தா அக்கா?" என்றார்.

"ஆச்சும்மா," என்றாள் ச. சாப்பிட்டிருக்கவில்லை.

ஆக, கசிவை நிறுத்தினால் சுவரை உடைக்க வேண்டாம். உடைக்காவிட்டால் வார்டு வேண்டாம். என் வேலை இவ்வளவுதான்.

துளி 19. ஆக். 90, 89.


ஜூலை 10, வியாழன்

மெயின் ரோடு ஹார்டுவேர் கடை. பாய் பஞ்சர் ஒட்டின பழைய ட்யூப் ஒன்றைத் தேடி எடுத்தார்.

"எதுக்கு சார்?"

"பைப் லீக்."

"அரே, பிளம்பரைக் கூப்பிடுங்க. இந்த வயசுல நீங்க குனிஞ்சா யாரு நிமித்துவாங்க?"

உண்மை. வாஷ்பேசினுக்குக் கீழே உட்கார ஒரு நிமிடம், எழ மூன்று நிமிடம்.

முறை: ட்யூபை நீளவாக்கில் வெட்டி இரண்டு விரல் அகலப் பட்டை. ஓட்டைக்கு ஒரு சாண் முன்பே தொடங்க இடம் இல்லை, வளைவிலிருந்தே தொடங்கினேன். இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று. மேலே கட்டுக்கம்பி, பிளையரால் முறுக்கு.

கட்டிலிலிருந்து ச.: "லூசா சுத்தாதீங்க. உள்ள தண்ணி தேங்கும்."

"இறுக்கித்தான் சுத்தறேன்."

"நாப்பது வருஷம் பேனா பிடிச்ச கை. எவ்வளவு இறுக்கும்னு எனக்குத் தெரியாதா?"

இந்த வேலையெல்லாம் அவளுடையது. வாஷர் மாற்றுவது, ஃப்யூஸ் போடுவது, எல்லாம். நான் பத்திரிகை அலுவலகத்திலிருந்து வீடு வரும்போது குழாய் சரியாகியிருக்கும். நகரத்துக் குழாய்க் கசிவு பற்றி எத்தனை செய்தி எழுதியிருப்பேன். பிளையர் எந்த டப்பாவில் இருக்கிறது என்று இன்று அவளைக் கேட்டுத்தான் எடுத்தேன்.

"இப்ப?"

கண்ணை மூடிக் கேட்டாள். "இருக்கு. சின்னதா. டிரங்க் கால்ல தூரத்துல பேசற மாதிரி."

எண்ணினேன். 4. மதியம் தூங்கட்டும் என்று பக்கெட்டுக்குள் துண்டு போட்டேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

"துணி போட்டு ஏமாத்தறீங்களா? தண்ணி சத்தம் போயி துணி சத்தம் வருது."

சிரித்தாள். வெகு நாளுக்குப் பிறகு. சிரிப்பு இருமலாக மாறி அடங்கப் பத்து நிமிடம் ஆனது. இனிச் சிரிக்க வைக்கக் கூடாது.

ஆக். 90, 88.


ஜூலை 12, சனி

தூறல். துணி காயவில்லை. தயிர் புளித்துவிட்டது.

ட்யூப் போதாது. நேற்று 11 ஆகிவிட்டது. இன்று எம்சீல், இரண்டு நிறமாக வரும் ஒட்டுக் களிம்பு. பைப் உலர்ந்திருந்தால்தான் ஒட்டும் என்று பாய் மூன்று தடவை சொன்னார். மாடிக்குப் போய் டேங்க் வால்வை மூடினேன். பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டேன். நூலாக மெலிந்ததும் மிச்சத் தண்ணீர்தான் என்று விட்டுவிட்டேன். ட்யூபைப் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, கறுப்பையும் வெள்ளையையும் ஒரே நிறம் வரும் வரை பிசைந்து அப்பினேன். பார்க்க நன்றாக இருந்தது.

மூன்று மணிக்கு மொத்தமும் பிஸ்கட் மாதிரி கையோடு வந்துவிட்டது. துளி 47.

என் தவறு. டேங்கிலிருந்து இரண்டு பைப் இறங்குகிறது. சமையலறைக்குப் போகும் பைப்பின் வால்வு டேங்குக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டும் சுவருக்குள் சேர்கின்றன. நான் மூடியது ஒன்றைத்தான். ஈரத்தின் மேல் அப்பியிருக்கிறேன். ஒரே ஆளைக் கேட்டு எழுதிய செய்தி. இப்படி ஒரு காப்பி வந்தால் நிருபரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ச.விடம் சொன்னேன். "மாடியில ரெண்டு வால்வுங்க," என்றாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"கேட்டீங்களா?"

இந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் மூன்று மூச்சு.

மறுபடி ட்யூப், இரண்டு அடுக்கு. துளி 9. ஆக். 89, 88.


ஜூலை 13, ஞாயிறு

ரத்னம்மாவின் சமையலறைக்குப் போனேன். புதனன்றே ஸ்டூல் மேல் ஏறி, ஈரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். இந்த ஊரில் நான் பார்த்த அதிகாரிகள் யாருக்கும் இது தோன்றியதில்லை. கோட்டைத் தாண்டி, ஜன்னல் பக்கம், ஈரம்.

"ரெண்டு விரல் சார்."

"நேத்து என் தப்பு. புதன் வரைக்கும் கொடுங்க."

ஸ்டவ்வின் மேல் குடை மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டியிருந்தார். அதற்குக் கீழே ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் கிளறிக்கொண்டே நின்றார்.

"புதன். அதுக்கு மேல முடியாது சார்." பிறகு, "அக்கா எப்படி?"

"அப்படியே."

அப்படியே இல்லை.

மாலை நர்ஸ் கலா. நெஞ்சைச் சோதித்துப் பார்த்துவிட்டு என்னை ஹாலுக்குக் கூப்பிட்டாள். "ரொம்ப தூங்கினாலோ, கூப்பிட்டா லேட்டா பதில் வந்தாலோ உடனே எனக்குப் போன் பண்ணுங்க. ரீடிங்கை எழுதிட்டு உக்காந்திருக்காதீங்க." இந்த நோட்டைப் புரட்டினாள். "ஆக்சிஜன் சரி. பக்கத்துல இது என்ன நம்பர் சார்?"

"பைப்."

கலா நோட்டை மூடிக் கொடுத்தாள்.

துளி 9. ஆக். 88, 87.


ஜூலை 15, செவ்வாய்

இரண்டு வால்வையும் மூடினேன். சமையலறைக் குழாயையும் திறந்து பார்த்தேன், பாத்ரூம் குழாயையும் திறந்து பார்த்தேன். இரண்டிலும் காற்று. ஓட்டையைச் சுற்றி ஹேர் ட்ரையர் காட்டினேன். புது எம்சீல். நான்கு மணி நேரம் தண்ணீர் விடவில்லை.

பிடித்தது. துளி 2.

பாயிடம் அரை இஞ்ச் க்ளாம்ப் கேட்டேன். உள்ளே ரப்பர் வைத்து இரண்டு போல்ட்டால் முறுக்குவது. நாளை வருமாம். அதை மாட்டினால் மாதக்கணக்கில் தாங்கும் என்கிறார். "மாசக்கணக்குல" என்று அவர் சொன்னதும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

ச. பதினொரு மணி வரை தூங்கினாள். சொட்டுச் சத்தம் இல்லாததால் நல்ல தூக்கம். கஞ்சி இரண்டு ஸ்பூன். "காவேரி வந்துதா?" என்று கேட்டாள். வந்தது என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடி, "காவேரி வந்துதா?"

ஆக். 87, 86.


ஜூலை 16, புதன்

தூறல். ஒன்பதரைக்கு க்ளாம்ப் வாங்கி வந்தேன்.

க்ளாம்ப் உட்கார எம்சீலைச் செதுக்கி எடுக்க வேண்டும். எடுத்தேன். துருவும் சேர்ந்து வந்தது. ஓட்டை பெரிதாகிவிட்டது. வால்வை மூட எழுவதற்குள் தண்ணீர் பக்கெட்டில் வேகமாக விழ ஆரம்பித்தது. துண்டு கூடப் போடவில்லை.

அப்போது அறையிலிருந்து:

"நின்னுடுச்சுங்க."

பக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னது?"

"சொட்டு. நின்னுடுச்சு. நல்லா கட்டிட்டீங்க."

எண்ணினேன். அறுபதுக்கு மேல் எண்ண முடியவில்லை.

உறுதி செய்யாமல் எதையும் எழுதியதில்லை. வாஷ்பேசின் குழாயை முழுக்கத் திறந்தேன். எனக்கே கேட்டது.

"இப்ப?"

பதில் வர நேரமானது. "ஒண்ணும் இல்ல. அமைதியா இருக்கு."

குழாயை மூடவில்லை. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆக்சிஜன் மீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தேன். 81. வேறு விரலில். 81. நேற்று அவள் தூங்கியது தூக்கம் இல்லை. கலா சொல்லியிருந்தாள். நான் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கலாவுக்கு போன். "சாய்ச்சு உக்கார வைங்க. நான் ஆம்புலன்ஸ் சொல்றேன் சார். சேத்துடலாம்."

ச.விடம் கேட்டேன். "ஆஸ்பத்திரி போலாமா சரோ?"

பதில் இல்லை. பதில் இல்லை என்றுதான் எழுத முடியும். சரி என்றாள் என்று எழுத முடியாது.

ரத்னம்மா மேலே வந்தார். இன்று புதன், சுவருக்காக வந்தவர். பார்த்துவிட்டு, "சுவர் கிடக்கட்டும் சார்," என்று கட்டில் ஓரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நான் ரத்னா. இங்க பாருங்க." என் கைக்கு வேறு வேலை தெரியவில்லை. எழுதுகிறேன்.

எடுத்து வைத்தது: மருத்துவமனை ஃபைல், ஆதார், நைட்டி 2, சால்வை, கண்ணாடி, ஸ்ட்ரா.

க்ளாம்ப் பிரிக்காமல் சட்டைப் பையில்.

வீட்டைப் பூட்டிப் போனால் ரத்னம்மா அடுப்பில் சொட்டும். மாடிக்குப் போனேன். முதல் வால்வை மூடினேன். டேங்குக்குப் பின்னால் போய் மற்றதையும் மூடினேன். கீழே வந்து இரண்டு குழாயிலும் பார்த்தேன்.

துளி 0.

வண்டி வந்துவிட்டது, சைரன் கேட்கிறது என்கிறார் ரத்னம்மா. எனக்குக் கேட்கவில்லை.